ஒரே தடவையாக வாங்கினால் பத்து வருஷம் ஓடுமா? எட்டு வருஷக் கேமிங் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன்

அக்கா மகன் சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் புதுக் கேமிங் கம்ப்யூட்டருக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஆர்டிஎக்ஸ் 5090 (திரைக்குப் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு), ரைசன் 7 9800எக்ஸ்3டி (சிபியு, அதாவது பிராசசர்), 64 ஜிபி டிடிஆர்5 ரேம், 1200 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), லிக்விட் கூலர், கண்ணாடிக் கேபினட். மொத்தம் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. மானிட்டர் அதில் இல்லை. வீட்டில் இருக்கிற 1080பி (திரையின் தெளிவுத்திறன்), 144 ஹெர்ட்ஸ் மானிட்டரே போதுமாம். போனில் கேட்டேன்.

"மாமா, ஒரே தடவையா பெருசா வாங்கிட்டா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்ல?"

"அப்படித்தான்டா நானும் 2017ல நெனச்சு வாங்கினேன். அதப் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுத்துடாதே."

என் பெட்டி 2017 கடைசியில் கட்டியது. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு, ரைசன் 5 1600 சிபியு, பி350 மதர்போர்டு (எல்லாப் பாகமும் மாட்டும் பலகை), 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், 1440பி மானிட்டர். கார்டுக்கு மட்டும் எழுபதாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். அன்றைக்குக் கடையில் சாதாரண ஆள் வாங்கக்கூடிய உச்சம் அதுதான். அதனால் "பெரிதாக வாங்கினால் நீண்ட நாள் வரும்" என்ற வாதத்தைச் சோதிக்க இதைவிடத் தோதான பெட்டி கிடைக்காது. ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, எது இன்னும் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது, ஏன் செத்தது என்று குறித்துக்கொண்டே போனேன்.

முதலில் அளவு

எதையும் தொடுவதற்கு முன்னால் அளந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எல்லாமே "நன்றாகத்தான் இருக்கிறது" என்று தோன்றும். சுவரில் ஒரு வாட் மீட்டர் செருகி, சைபர்பங்க் 2077 கேமை ஓடவிட்டேன். 1440பி, ஹை செட்டிங், ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இல்லாமல். நொடிக்கு 45 பிரேமை ஒட்டித் தடுமாறியது. கார்டு 84 டிகிரியில் போய் உட்கார்ந்துகொண்டது. 1080 டிஐக்குத் தொழிற்சாலையில் வைத்த வெப்ப இலக்கே 84தான். அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுவரிலிருந்து இழுத்தது 410 வாட்டுக்குப் பக்கம். வீட்டில் இருக்கும் யுபிஎஸ் 600 விஏ, அதாவது 360 வாட். கேம் நடுவில் கரண்ட் போனால் ஏன் யுபிஎஸ் ஒரு கூக்குரல் போட்டுவிட்டு அணைகிறது என்பது மீட்டரைப் பார்த்ததும் விளங்கியது.

கார்டைப் பிரித்தது

கேபினட் பக்கவாட்டைக் கழற்றினால் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. எஸ்எம்பிஎஸ் மேல் இரண்டு பல்லி முட்டை ஓடு. (சென்னையில் கேபினட் திறப்பவர்களுக்கு இது புதிதில்லை. கேபிள் நுழையும் ஓட்டைகளை நைலான் வலையால் மூடி வையுங்கள்.) புளோயரை வைத்து ஊதும்போது விசிறிகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கன்னாபின்னா வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

கார்டின் பின்பக்கம் சிப்பைச் சுற்றி நான்கு ஸ்பிரிங் திருகுகள். அவற்றைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹீட்சிங்கை (சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) மேலே இழுக்காமல் மெதுவாக அசைத்துக் கழற்ற வேண்டும், ஏனென்றால் விசிறி ஒயர் குட்டையாக இருக்கும். உள்ளே சூட்டைச் சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஓடாகியிருந்தது. சிப்பின் நடுப்பகுதியில் பேஸ்டே இல்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரத்துக்குப் பிதுங்கிவிட்டது. மெமரி சிப்களின் மேல் இருந்த, அதே வேலையைச் செய்யும் பேடுகளில் பாதி கிழிந்து வந்தன. பேடு வாங்கும்போது தடிமன் முக்கியம். கிழியாத ஒன்றை வெர்னியரில் அளந்து, அதே தடிமனில் ரிச்சி தெருவில் வாங்கினேன். தடிமன் கூடினால் ஹீட்சிங் சிப்பின் மேல் சரியாக உட்காராது, குறைந்தால் மெமரி சூட்டில் வேகும்.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, பேஸ்டுக்குப் பதிலாக பிடிஎம்7950 தாளை வெட்டி ஒட்டினேன். இது சாதாரண நிலையில் தாளாகவும் சூட்டில் இளகிப் பரவும் பொருளாகவும் இருக்கும். பிதுங்கி வெளியே போகாது. ஒட்டுவதற்கு முன்னால் ஃபிரிட்ஜில் சற்று நேரம் வைத்தால் மேல் உறை சுலபமாக உரியும்.

அதே கேம், அதே காட்சி, அறை 31 டிகிரி: கார்டு 72. பிறகு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் வோல்டேஜ் வளைவைத் திறந்து, 0.9 வோல்ட்டில் 1850 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டையாக்கினேன், அதாவது கார்டைக் குறைந்த வோல்டேஜில் ஓடவைத்தேன். 66க்கு வந்தது. சுவர் இழுப்பு 340க்கு இறங்கியது. பிரேம் குறையவில்லை, ஓரிரண்டு கூடவே செய்தது. செலவு ஆயிரத்து ஐந்நூறுக்குள்.

இதுவரை பார்த்தால் மருமகன் சொன்னது சரிதான் போலிருக்கிறது. எட்டு வருஷத்துக் கார்டு, துடைத்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

கார்டு எங்கே செத்தது

அப்புறம் இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள் கேமை எடுத்தேன். 2024 டிசம்பரில் வந்தது. அதன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். 2019இல் 399 டாலருக்கு வந்த நடுத்தரக் கார்டு அது. 699 டாலருக்கு வந்த 1080 டிஐக்கு அங்கே இடமில்லை. வேகம் போதாது என்பது காரணமில்லை, பழைய வகை கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான், மெமரியும் 1080 டிஐயில்தான் அதிகம். அதில் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். 2025 மேயில் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் அப்படியே. ஆலன் வேக் 2 கேம் வேறொரு வசதியை, முப்பரிமாண உருவங்களைக் கையாளும் மெஷ் ஷேடரை, எதிர்பார்த்து வந்தது. அதுவும் இந்தத் தலைமுறைக் கார்டில் இல்லை. 2025 அக்டோபரோடு, இந்தக் கார்டுகளின் தயாரிப்பாளரான என்விடியா இந்தத் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்.

கூடுதல் பணம் கொடுத்து அன்றைக்கு நான் வாங்கியது வேகத்தை. பின்னால் வரப்போகும் வசதிகள் எந்த விலைக்கும் அந்தக் கார்டில் கிடைத்திருக்காது. 2017இல் பாதி விலைக்கு ஒரு ஜிடிஎக்ஸ் 1060 வாங்கி, மிச்சக் காசை வைத்திருந்து, 2019இல் 2060 சூப்பர் வாங்கியவனுக்கு இன்று அந்த கேம் திறக்கும். எனக்குத் திறக்காது. அவனுடைய மொத்தச் செலவும் என்னுடையதைத் தாண்டியிருக்காது.

மதர்போர்டு எப்படிப் பிழைத்தது

இந்தப் பகுதியில் எனக்கு அதிர்ஷ்டம்தான். 2017இல் கேமிங்குக்கு உச்சம் என்று எல்லோரும் சொன்னது இன்டெல் ஐ7-7700கே. விலை அதிகம் என்று நான் ரைசன் பக்கம் போனேன். அதே வருஷம் அக்டோபரில் 8700கே வந்தபோது, சாக்கெட் (போர்டில் சிபியு உட்காரும் இடம்) பார்க்க ஒன்றாக இருந்தும் பழைய போர்டில் அது வேலை செய்யவில்லை, புதுப் போர்டு வாங்கச் சொன்னார்கள். ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டோ நீடித்தது. 2022இல் என் பி350 போன்ற 300 வரிசை போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசை சிபியுக்களுக்கான ஆதரவை அனுமதித்தார்கள். மலிவான தேர்வுக்குத்தான் இங்கே ஆயுசு கெட்டி.

சிபியு மாற்ற வேண்டிய இன்னொரு காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. (7700கேவும் இல்லை.)

முதலில் பழைய சிபியு இருக்கும்போதே பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் புது சிபியுவை போர்டுக்கு அடையாளமே தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். என் போர்டு நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ விடவில்லை. தயாரிப்பாளர் பக்கத்தில் குறிப்பைப் படித்துவிட்டு, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றி, பிறகு கடைசியை ஏற்றினேன். பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டு கல்லாகிவிடும். கேம் ஓடும்போது தாங்காத அந்த 600 விஏ யுபிஎஸ், பயாஸ் திரையில் நிற்கும் கம்ப்யூட்டரைத் தாராளமாகத் தாங்கும். அதில் மாட்டித்தான் செய்தேன்.

ஏஎம்4இல் சிபியுவைக் கழற்றுவது தனிக் கலை. பின்கள் சிபியுவில் இருக்கின்றன. பேஸ்ட் இறுகியிருந்தால், ஹீட்சிங்கை இழுக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்தே சிபியு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டி நன்றாகச் சூடாக்கி, அணைத்த உடனே ஹீட்சிங்கை இடவலமாகத் திருகினால் பேஸ்ட் இளகி விடும். பிறகு தூக்கலாம். பின் வளைந்துவிட்டால் மெக்கானிக்கல் பென்சிலின் ஈயத்தை எடுத்துவிட்டு, வெறும் முனைக்குழாயைப் பின்னில் நுழைத்து நிமிர்த்துவார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

ரைசன் 7 5800எக்ஸ்3டி தேடினேன், கடைகளில் இல்லை, செகண்ட் ஹேண்டில் சொன்ன விலை அநியாயம். ரைசன் 5 5600 எட்டாயிரத்து ஐந்நூறு சுமாருக்குக் கிடைத்தது. மாட்டியதும் ஒரு போனஸ்: 3200 என்று எழுதிய ரேம், பழைய சிபியுவில் 2666க்கு மேல் வைத்தால் தடுக்கி விழும். இப்போது 3200இல் அமைதியாக ஓடுகிறது. ரேம் வாங்கும் செலவு மிச்சம், அதுவும் இந்த நேரத்தில். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறுகிற ஏற்றத்தைக் கடைக்காரர்களே நம்ப முடியாமல் பார்க்கிறார்கள். குரூஷியல் என்ற பெயரில் பல வருஷமாக ரேம் விற்ற மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

விண்டோஸ் 11க்கு பயாஸில் எஃப்டிபிஎம் (ஒரு பாதுகாப்பு வசதி) இயக்கி, சிஎஸ்எம் (பழைய முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்கவிடும் வசதி) அணைக்க வேண்டும். சிஎஸ்எம்மை அணைப்பதற்கு முன்னால் எஸ்எஸ்டி (தகவல் சேமிக்கும் பாகம்) பழைய எம்பிஆர் பகுப்பு முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிவிடலாம், பேக்கப் எடுத்துக்கொண்டு.

சிபியு மட்டும் மாறியதற்கே கவுண்டர்-ஸ்டிரைக் 2 கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. புகைக்குண்டு வெடிக்கும் இடங்களில் முன்பு சட்டென்று விழுந்த பிரேம் எண்ணிக்கை, கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நின்றது. கார்டு அதே 1080 டிஐதான். மருமகன் பெரும்பாலும் விளையாடுவது இதையும் வாலரண்டையும்தான், 1080பியில். அந்தத் தெளிவுத்திறனில் 5090 வைத்தாலும் வேலை சிபியுவின் தலையில்தான் விழும், இரண்டு லட்சத்துக்கு மேல் விலை கொடுத்த கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

புதுக் கார்டு தேர்ந்தது

கார்டும் சிபியுவும் பேசிக்கொள்ளும் பாதைகளுக்கு பிசிஐஇ என்று பெயர், பி350 போர்டில் அதன் பழைய பதிப்பான 3.0தான் உண்டு. இங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 டிஐ போன்றவை 16 பாதைகளில் 8ஐ மட்டுமே பயன்படுத்துபவை. புதுப் போர்டில் அது தெரியாது. பழைய போர்டில் ஒவ்வொரு பாதையும் மெதுவாக இருப்பதால், 8 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 பாதை, 16 ஜிபி, 160 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். 2025 ஜூனில் வந்தது. நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வாங்கினேன். பழைய 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே போதும். கேபினட், சிபியு கூலர், மானிட்டர், எஸ்எஸ்டி எதையும் மாற்றவில்லை.

பழைய டிரைவரை டிடியு என்ற கருவியை வைத்துச் சுத்தமாக நீக்கி, புதியதை நிறுவி, பயாஸில் ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே தடவையில் அணுகவிடும் வசதி) இயக்கினேன். சைபர்பங்க், அதே செட்டிங்: நொடிக்கு 80 பிரேமை ஒட்டி. சுவரில் 290 வாட். கேம் நடுவில் மின்சாரம் போனபோதும் யுபிஎஸ் தாங்கியது, சேவ் செய்துவிட்டு அணைக்க நேரம் கிடைத்தது. மூடியிருந்த இண்டியானா ஜோன்ஸும் திறந்தது. மொத்தச் செலவு ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை, பழைய கார்டை விற்றதில் கொஞ்சம் திரும்பவும் வந்தது.

அன்றைய உச்சமும் இன்றைய உச்சமும்

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: 1080 டிஐ நல்ல பேரம்தான். ஆனால் அது நல்ல பேரமாக இருந்ததற்குக் காரணமான சூழ்நிலை இன்று இல்லை. 2018 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 9.71 பில்லியன் டாலர், அதில் 5.51 பில்லியன் கேமிங். நாம்தான் அவர்களின் பெரிய வாடிக்கையாளர். 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் மொத்தம் 130.5 பில்லியன், கேமிங் 11 பில்லியன் சொச்சம், டேட்டா சென்டர் 115 பில்லியன். 32 ஜிபி மெமரி உள்ள 5090ஐ வாங்க ஏஐ மாடல் ஓட்டுபவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்க விலை 1,999 டாலர். இந்தியாவுக்கு அறிவித்த விலை 2,14,000 ரூபாய், கடையில் அந்த விலைக்குக் கிடைத்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அதற்கு அடுத்த படியும் முன்பு மாதிரி இல்லை. ஜிடிஎக்ஸ் 1080இல் 2,560 கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு அலகு). 1080 டிஐயில் 3,584. அதாவது அடுத்த படியில் நின்றவனுக்கும் உச்சத்தின் 70 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. இன்று ஆர்டிஎக்ஸ் 5080இல் 10,752, 5090இல் 21,760. பாதிகூட இல்லை. படிகளுக்கு நடுவே வேண்டுமென்றே பள்ளம் வெட்டியிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

மின்சாரக் கணக்கையும் மருமகனுக்கு எழுதி அனுப்பினேன். 5090 மட்டும் 575 வாட், முழுப் பெட்டி சுவரிலிருந்து 800 வாட்டை நெருங்கும். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் 140 யூனிட்டுக்குப் பக்கம் கூடும். அவன் வீட்டில் ஏசியோடு சேர்த்தால் 500 யூனிட்டைத் தாண்டும், தாண்டினால் தமிழ்நாட்டில் கீழ் அடுக்குகளின் கட்டணமே மாறிவிடும். அந்த 800 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பத்தில் அது கிட்டத்தட்ட கால் பங்கு. மே மாதம் வேளச்சேரியில் அந்த அறையில் உட்கார்ந்து விளையாடுவது அவன் பாடு.

அவன் கடைசியில் வாங்கியது

கொட்டேஷனைத் திருத்தி எழுதினோம். ரைசன் 7 9700எக்ஸ், ஏஎம்5 போர்டு (அந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புது சிபியுக்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது), 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று 850 வாட் கோல்டு, 10 வருஷ வாரண்டியோடு. என் பெட்டியில் எட்டு வருஷம் கழித்தும் முணுமுணுக்காமல் இருப்பது அதுதான். பாக்கிப் பணத்தில் ஒரு 1440பி ஓஎல்இடி மானிட்டர். எல்லாம் சேர்த்து முதல் கொட்டேஷனில் பாதியைச் சற்றுத் தாண்டியது. ரேம் விலை இப்படி ஏறாமல் இருந்திருந்தால் பாதிக்குள் அடங்கியிருக்கும். ஐந்து வருஷம் கழித்துக் கார்டை மட்டும் மாற்ற இன்றைக்கே தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், வைப்பானா என்று தெரியாது.

இதற்கு நடுவில் அவனோடு தங்கியிருக்கும் நண்பனும் அதே கேள்வியோடு வந்தான். அவன் கட்டட வடிவமைப்பு நிறுவனங்களுக்கு ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்து, அதாவது மாதிரிகளைப் படமாக்கி, கொடுப்பவன். இப்போதிருக்கும் 12 ஜிபி கார்டில் பெரிய காட்சிகள் மெமரியில் அடங்காமல், துண்டு துண்டாக ரெண்டர் செய்து ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு 5090ஐ நானே எழுதிக் கொடுத்தேன். கூடவே 1.5 கேவிஏ யுபிஎஸ், 80 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்திய பவர் லிமிட். கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கேபிளைக் கார்டில் இடைவெளி தெரியாமல் முழுக்க அழுத்திச் செருகிய பிறகே கேபினட்டை மூட வேண்டும், வாயருகே 35 மில்லிமீட்டருக்காவது ஒயரை வளைக்கக் கூடாது என்றும் எழுதினேன். அடுத்த வாரம் பாகங்கள் வருகின்றன, கட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.